ஒரே வெள்ளை டிரெஸ், நாலு பேரு: கோஸ்ட் ரைடர் கேஸ்

கோஸ்ட் ரைடர்னு சொன்னா இப்ப எல்லாருக்கும் எரியற மண்டை ஓடு, செயின், பைக், நிக்கோலஸ் கேஜ் இதுதான் ஞாபகம் வரும். அந்த பைக்காரன் பொறந்தது 1972ல. அதுக்கு 23 வருஷம் முன்னாடியே அதே பேர்ல ஒருத்தன் குதிரை மேல சுத்திட்டு இருந்தான், தொப்பில இருந்து பூட்ஸ் வரைக்கும் எல்லாம் வெள்ளை, முகத்தை முழுசா மூடின வெள்ளை முகமூடி, கையில துப்பாக்கி. அவன் பேயும் இல்ல பிசாசும் இல்ல, பேய் மாதிரி வேஷம் கட்டின சாதா மனுஷன்.

கேஸ் என்னன்னா, இந்த வெள்ளை டிரெஸ்காரனை 1949ல ஒரு சின்ன கம்பெனி போட்டுது. 1967ல மார்வெல் அதே டிரெஸ், அதே பேரு, கிட்டத்தட்ட அதே தந்திரத்தோட இன்னொருத்தனை இறக்குச்சு. ரெண்டையும் வரைஞ்சவர் ஒரே ஆள், டிக் ஏயர்ஸ். உள்ள இருக்கற ஆளோட பேர் மட்டும் வேற. யாரும் யார் மேலயும் கேஸ் போடல. அப்புறம் அஞ்சே வருஷத்துல மார்வெலே அந்த பேரை குதிரைக்காரன் கிட்ட இருந்து பிடுங்கி பைக்காரன் கிட்ட குடுத்துருச்சு. பழசு, புதுசு ரெண்டு பேரும் இன்னிக்கு வேற வேற பேர்ல அலையறாங்க. இது எப்படி நடந்துச்சு, சட்டப்படி எப்படி முடிஞ்சுது, யாருக்கு என்ன கெடச்சுதுன்னு வரிசையா பாக்கலாம். என்னைக் கேட்டா இது முழுக்க ஆபீஸ் காகிதத்தோட கதை. எவன் விடாம அச்சடிச்சுட்டே இருக்கானோ அவனுக்குத்தான் பேரு, யோசிச்சவன் வரைஞ்சவன் எல்லாம் ஒரு பக்கத்துக்கு இவ்ளோன்னு பக்கக்கூலி வாங்கிட்டு போக வேண்டியதுதான்.

மார்க்கெட் எப்படி இருந்துச்சு

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் அமெரிக்காவுல சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படுத்துருச்சு. அந்த இடத்தை குற்றக்கதை, காதல் கதை, வெஸ்டர்ன்னு சொல்ற கௌபாய் கதை எல்லாம் பங்கு போட்டுக்குச்சு. வெஸ்டர்ன்ல முகமூடிக்கு ஏற்கனவே ஒரு பெரிய முன்மாதிரி இருந்துச்சு, லோன் ரேஞ்சர். 1933 ஜனவரில டெட்ராய்ட் ரேடியோவுல ஆரம்பிச்சது அது, அவன் முகமூடியே செத்துப்போன அண்ணனோட வெஸ்ட் துணில இருந்து வெட்டி எடுத்தது. டெல் கம்பெனி 1948ல இருந்து 1962 வரைக்கும் அவனை வச்சு 145 இதழ் போட்டுருக்கு. அவ்ளோ வித்தா மத்தவன் சும்மா இருப்பானா. டிசில நைட்ஹாக், இப்ப மார்வெல்னு சொல்ற கம்பெனில பிளாக் ரைடர்னு ஆளாளுக்கு ஒரு முகமூடி. பிளாக் ரைடர் 1950ல போட்ட ஒரு இதழ் அட்டைல முகமூடி போட்டு போஸ் குடுத்து நிக்கறது சாட்சாத் ஸ்டான் லீயே தான், போட்டோ அட்டை, தேடிப் பாருங்க, செம காமெடியா இருக்கும்.

நம்ம ஊர்ல சிவகாசி புண்ணியத்துல டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர்னு படிச்சு வளந்தவங்களுக்கு வெஸ்டர்ன்னா புழுதியும் வெயிலும் அழுக்கு சட்டையும் தான். அந்த கதைகள் இத்தாலி, பெல்ஜியம், பிரான்ஸ் பக்கம் உருவானது, ஹீரோ முகத்தை மறைக்கறதே கெடையாது. அமெரிக்க காமிக்ஸ் அப்படி இல்ல, அங்க வெஸ்டர்ன் எழுதினவங்க வரைஞ்சவங்கள்ல பாதிப்பேர் முந்தின வருஷம் வரைக்கும் சூப்பர் ஹீரோ பண்ணிட்டு இருந்தவங்க. அதனால ரகசிய அடையாளம், கேப் (தோள்ல இருந்து தொங்கற துணி), முகமூடி எல்லாத்தையும் அப்படியே குதிரை மேல ஏத்திட்டாங்க.

வின் சல்லிவன் ஆபீஸ்

நம்ம கேஸ் நடக்கற கம்பெனி பேரு மேகசின் என்டர்பிரைசஸ். முதலாளி வின் சல்லிவன். சாதாரண ஆள் இல்ல, 1938ல சூப்பர்மேன் முதல் தடவை வந்த ஆக்‌ஷன் காமிக்ஸுக்கு எடிட்டர் இவர்தான். சூப்பர்மேனை உருவாக்கின சீகலும் ஷஸ்டரும் 130 டாலர் செக்குக்கு எல்லா உரிமையையும் எழுதிக் குடுத்தாங்கல்ல, அந்த கதை நடந்தப்ப இவர் அந்த ஆபீஸ்ல இருந்தவர். அப்புறம் வெளிய வந்து 1940கள்ல சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சார். 1948ல அதே சீகல், ஷஸ்டர் ஜோடி ஃபன்னிமேன்னு ஒரு காமெடி ஹீரோவை இவர்கிட்டதான் கொண்டு வந்தாங்க, ஆறு இதழோட ஊத்திக்கிச்சு. ஆனா அந்த ஷஸ்டர் மூலமாத்தான் ஒரு சின்னப்பையன் சல்லிவன் ஆபீஸுக்குள்ள நுழைஞ்சான். 1924ல பொறந்த டிக் ஏயர்ஸ், போர்ல விமானப்படைல இருந்துட்டு வந்து ஓவியப்பள்ளில படிச்சுட்டு இருந்தவர்.

சல்லிவனோட பிசினஸ் பாதி, சினிமா நடிகர்கள் பேரை லைசென்ஸ் வாங்கி புக் போடறது. டிம் ஹோல்ட்னு ஒரு நடிகர், ஆர்.கே.ஓ ஸ்டூடியோவுல மாசாமாசம் வர்ற மாதிரி சின்ன பட்ஜெட் கௌபாய் படங்கள் பண்ணிட்டு இருந்தவர், நடுவுல ஆர்சன் வெல்ஸ், ஜான் ஹூஸ்டன் படங்கள்லயும் நல்ல வேஷம் கெடச்சுது. அவர் பேர்லயே 1948ல ஒரு காமிக்ஸ் தொடங்கினாங்க. அந்த புக்ல பின்னாடி பக்கங்கள ரொப்ப கலிகோ கிட்னு ஒரு தொடர் ஓடுச்சு. ரெக்ஸ் ஃப்யூரின்னு ஒரு ஃபெடரல் மார்ஷல், கூட சிங் சாங்னு ஒரு சீனக் கூட்டாளி. படிச்சா மனசுல ஒண்ணும் நிக்காது, ஆயிரம் கௌபாய்ல ஒருத்தன்.

1949ல சல்லிவன் ஏயர்ஸைக் கூப்ட்டு இவனை மாத்தணும்னு சொல்றார். ஏயர்ஸ் பின்னாள்ல பேட்டிகள்ல சொன்னபடி, சல்லிவன் ரெண்டு விஷயத்தைக் காட்டினாராம். ஒண்ணு அந்த வருஷம் வான் மன்ரோ பாடி ஊரெல்லாம் ஓடிட்டு இருந்த, வானத்துல பேய்க் குதிரைக்காரங்க போறத பத்தின பாட்டு. இன்னொண்ணு தலையில்லாத குதிரைக்காரன் வர்ற டிஸ்னி கார்ட்டூன் படம், போய்ப் பாத்துட்டு வான்னாராம். பாட்டு சரி. படம்தான் கொஞ்சம் இடிக்குது, ஏன்னா அது ரிலீஸ் ஆனது 1949 அக்டோபர்ல, கோஸ்ட் ரைடர் முதல் கதை டிம் ஹோல்ட் 11வது இதழ்ல அதே வருஷமே வந்துருச்சு, எழுதி வரைஞ்சு அச்சாகி கடைக்கு வர மாசக்கணக்குல ஆகும். படம் பாத்தது முதல் கதைக்கு அப்புறமா இருக்கலாம், இல்ல பல வருஷம் கழிச்சு சொல்றப்ப ரெண்டும் ஒண்ணா கலந்து போயிருக்கலாம். எப்படியும் அந்த ஐடியாவோட சொந்தக்காரர் சல்லிவன், எழுத்து ரே க்ராங்க், உருவம் ஏயர்ஸ். அப்புறம் பெரும்பாலான கதைகள எழுதினது கார்ட்னர் ஃபாக்ஸ், ஃப்ளாஷ், ஹாக்மேன் எல்லாம் உருவாக்கினாரே அவரேதான்.

தந்திரம் எப்படி வேலை செஞ்சுது

இங்கதான் எனக்கு இந்த கேஸ்ல ரொம்ப பிடிச்ச பகுதி, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

கதைப்படி ரெக்ஸ் ஃப்யூரியையும் சிங் சாங்கையும் எதிரிங்க சுழல்ல தள்ளி விட்டுர்றாங்க, செத்துட்டாங்கன்னு ஊரே நம்புது. இவங்க அடில ஒரு குகைக்குள்ள கரையேறி பொழச்சுக்கறாங்க. சரி செத்ததாவே இருந்துக்கலாம்னு ஃப்யூரி முடிவு பண்றான். இருட்டுல மின்னற வெள்ளை உடுப்பு, வெள்ளைக் குதிரை ஸ்பெக்டர். கேப் வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் கருப்பு. ராத்திரில கேப்பை திருப்பி உடம்பு மேல போத்திக்கிட்டா உடம்பு இருட்டோட இருட்டா மறைஞ்சு தலை மட்டும் அந்தரத்துல மிதக்கும். கைய மட்டும் வெளிய நீட்டினா கை மட்டும் தனியா வந்து வில்லன் கழுத்தைப் பிடிக்கும். சுடறதுக்கு முன்னாடியே பாதிப்பேர் உளறி குத்தத்தை ஒத்துக்கறான், மீதிப்பேர் ஓடிப் போய் பள்ளத்துல விழறான்.

இதுல அச்சு விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் கால காமிக்ஸ் மட்டமான நியூஸ்பிரிண்ட்ல நாலு கலர் மையில அடிச்சது. அதுல வெள்ளைன்னு தனியா ஒரு மை கெடையாது, மை படாத காகிதம்தான் வெள்ளை. அப்ப ராத்திரி சீன்ல பக்கம் முழுக்க கருப்பும் கருநீலமும் அப்பி வச்சுட்டு ஹீரோ இருக்கற இடத்தை மட்டும் சும்மா விட்டா போதும், அவன் தானா பளிச்சுனு ஒளிருவான். மத்த ஹீரோக்களுக்கு சிவப்பு நீலம்னு மை போட்டு தூக்கிக் காட்ட வேண்டி இருந்துச்சு, இவனுக்கு எதுவுமே போடாததுதான் மேக்கப். ஏயர்ஸ் இதை நல்லா புரிஞ்சு வச்சிருந்தார். ஒரு கட்டத்துல முகமூடியும் ரெண்டு கையும் மட்டும் வெள்ளையா விட்டுட்டு மீதி பூரா கருப்பு அடிச்சிருப்பார், உடம்போட கோடு கூட இருக்காது, ஆனா ஆள் எந்தப் பக்கம் சாஞ்சு நிக்கறான்னு நமக்கே தெரியும். பழைய பிரதிகள்ல காகிதம் பழுத்துப் போயி இப்ப அவன் டீக்கறை கலர்ல இருக்கான், அது வேற விஷயம்.

இன்னொண்ணு, முகமூடிக்கு இங்க நெஜமான வேலை இருக்கு. லோன் ரேஞ்சர் முகமூடியை கழட்டிட்டா கூட கதை பெருசா மாறாது, அது ஒரு அடையாளம் அவ்ளோதான். ரெக்ஸ் ஃப்யூரி முகமூடியைக் கழட்டினா எதிராளி பயப்படறதுக்கு காரணமே போயிருது. வெஸ்டர்ன் முகமூடிக்காரங்கள்ல முகமூடி இல்லாம கதையே இல்லன்னு சொல்லக்கூடிய ஆளு இவன்தான்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

1950ல தனி புக்கே குடுத்துட்டாங்க. மொத்தம் 14 இதழ், 1954 வரைக்கும். ரெண்டாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் அட்டை ஃப்ராங்க் ஃப்ரஸெட்டா, பின்னாடி கோனன் பேப்பர்பேக் அட்டைகளால உலகப் புகழ் அடைஞ்சவர், அப்ப இருபத்தி சொச்சம் வயசு. இன்னிக்கு கலெக்டருங்க அந்த நாலு இதழுக்கும் குடுக்கற விலை ஃப்ரஸெட்டாவுக்குத்தான், கோஸ்ட் ரைடருக்கு இல்ல. உள்ள ஏயர்ஸ் வரைஞ்சதும் ஒண்ணும் சளைச்சதில்ல, ஆனா அட்டையைத் தாண்டி யாரும் பேசறது இல்ல, எரிச்சலா வரும்.

சிங் சாங் பத்தியும் சொல்லிரணும். உடைஞ்ச இங்கிலீஷ் பேசற, முதலாளிக்கு சமைச்சுப் போடற சீனாக்காரன், அந்தக் காலத்து காமிக்ஸ்ல இருந்த அதே மட்டமான அச்சு. வேஷம் போட்டு ஊரை ஏமாத்தற ரகசியம் தெரிஞ்ச ஒரே ஆளு, பல இடத்துல அவன் உதவி இல்லாம தந்திரமே நடக்காது, ஆனா பேசற விதத்துல அவனை கோமாளி ஆக்கிட்டாங்க. இப்பப் படிக்கறவங்க முகம் சுளிக்காம தாண்ட முடியாது.

நடிகர் போனார், முகமூடி நின்னுச்சு

கேஸுக்கு பக்கத்துல ஒரு குட்டி கேஸ். அதே புக்ல முன்பக்கம் இருந்த டிம் ஹோல்ட்டையும் சும்மா விடல, கொஞ்ச நாள்ல காமிக்ஸ்ல அவருக்கும் ஒரு சிவப்பு முகமூடி மாட்டி ரெட் மாஸ்க் ஆக்கிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, நடிகர் முகத்தை வச்சு விக்கறதுக்குத்தான் லைசென்ஸே வாங்கினது, அந்த முகத்தையே துணி போட்டு மூடினா எப்படி. ஆனா 1952ல ஹோல்ட் நடிச்ச கௌபாய் படங்கள் நின்னு போச்சு, 1954ல 42வது இதழ்ல இருந்து புக் பேரையே ரெட் மாஸ்க்னு மாத்திட்டாங்க. நடிகர் பேரு அட்டைல இருந்து காலி, கதை அப்படியே ஓடுது. லைசென்ஸ் காசு மிச்சம்னு நான் நினைக்கறேன், வேற காரணமும் இருந்திருக்கலாம். நடிகர் பேர் அந்த நடிகருது, முகமூடி கம்பெனியோடது, எதை வச்சுக்கிட்டா லாபம்னு சல்லிவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

1954

கோஸ்ட் ரைடர் தனி புக் வந்து கொஞ்ச வருஷத்துலயே காத்து மாறிச்சு. ஹாரர் காமிக்ஸ் பிச்சுக்கிட்டு வித்த நேரம் அது, சல்லிவன் கம்பெனியும் அந்தப் பக்கம் சாஞ்சுது. முன்னாடி பேய்ன்னு வந்தா கடைசில எவனோ திருட்டுப்பய வேஷம்னு முடியும், அப்புறம் வாம்பயர், ஓநாய் மனுஷன்னு நெஜ பேய்களே வர ஆரம்பிச்சுது. போலிப் பேய் நெஜப் பேயோட சண்டை போடறது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல அவனோட தந்திரத்துக்கு வேலையே இல்ல, இருட்டுல தலை மிதக்கறதைப் பாத்து வாம்பயர் ஏன் பயப்படணும்.

1954 ஏப்ரல்ல செனட் கமிட்டி நியூயார்க்ல காமிக்ஸ் பத்தி விசாரணை நடத்துச்சு, காமிக்ஸ் பசங்களைக் கெடுக்குதுன்னு டாக்டர் வெர்தாம் எழுதின புக்கும் அதே வருஷம்தான் வந்து பெத்தவங்கள பதற வச்சுது. அக்டோபர்ல பதிப்பாளர்கள் தாங்களே சேந்து காமிக்ஸ் கோட்னு விதிமுறை போட்டாங்க. தலைப்புல ஹாரர், டெரர்ங்கற வார்த்தை வரக்கூடாது. நடமாடும் பிணம், சித்திரவதை, வாம்பயர், பிணம் தின்னி, நரமாமிசம், ஓநாய் மனுஷன் எதுவும் வரக்கூடாது. அட்டைல கோட் முத்திரை இல்லாத புக்கை ஏஜென்ட்டுங்க கடைக்கே அனுப்ப மாட்டாங்க, கட்டை பிரிக்காமயே திருப்பி அனுப்பிருவாங்க.

அந்த லிஸ்ட்ல பேய்ன்னு தனியா ஒரு வார்த்தை இல்லைங்கறதை கவனிங்க. ஹார்வி கம்பெனியோட கேஸ்பர் குட்டிப்பேய் முத்திரையோட வருஷக்கணக்குல ஜாலியா வந்துட்டுதான் இருந்துச்சு. கோஸ்ட் ரைடரோ பேயே இல்ல, சட்டையைக் கழட்டினா மார்ஷல். சட்டம் படிச்சா அவன் தப்பிச்சிருக்கணும். ஆனா பேரும் உருவமும் கடைசி ரெண்டு வருஷம் சேத்து வச்ச வாம்பயர் சகவாசமும் சேந்து அவனை சந்தேகக் கேஸ் ஆக்கிருச்சு. தனி புக் 1954லயே நின்னுச்சு. ரெட் மாஸ்க் புக்ல இருந்த தொடர் மட்டும் 1955 வரைக்கும் இழுத்துட்டு போச்சு, அதுக்கப்புறம் அந்த இடத்துல பிரெஸ்டோ கிட்னு ஒருத்தன் வந்தான். யாருன்னு பாத்தா மேடை மேஜிக் தெரிஞ்ச முகமூடி கௌபாய், வரைஞ்சது அதே ஏயர்ஸ். அதாவது எதிரியை கண்கட்டு வித்தைல ஏமாத்தற அதே வேலை, பயம் மட்டும் மைனஸ். நாலே இதழ்ல ஆளைக் காணோம்.

என் கணிப்புல கோட் மட்டுமே காரணம் இல்ல. டிவில வெஸ்டர்ன் வந்து குவிஞ்சுது, பெரிய டிஸ்ட்ரிபியூட்டர் ஒருத்தன் 1957ல தொழிலை விட்டே போனான், சின்ன கம்பெனிங்க வரிசையா மூடுச்சு. சல்லிவன் கடையும் 1958ல மூடியாச்சு. அதோட கோஸ்ட் ரைடர்ங்கற பேரை அச்சடிக்க ஆளே இல்லாம போச்சு.

1967: அதே சட்டை, வேற ஆளு

ஏயர்ஸ் இதுக்குள்ள ஸ்டான் லீ கிட்ட சேந்து ஓவியர் ஜாக் கிர்பியோட பென்சில் கோடு மேல மை போடறது, போர்க்கதை, வெஸ்டர்ன்னு மார்வெலோட நெரந்தர ஆள் ஆகியிருந்தார். 1967 பிப்ரவரி தேதி போட்டு மார்வெல்ல இருந்து கோஸ்ட் ரைடர் முதல் இதழ் வருது. எழுத்து கேரி ஃப்ரீட்ரிச், ராய் தாமஸ். வரைஞ்சது வேற யாரு. ஹீரோ பேரு கார்டர் ஸ்லேட், கிழக்குப் பக்கம் இருந்து பைசன் பெண்ட்ங்கற ஊருக்கு வர்ற ஸ்கூல் வாத்தியார். பழங்குடி வேஷம் போட்ட கொள்ளைக்காரங்க சுட்டுப் போட, நெஜ பழங்குடி வைத்தியர் ஃப்ளேமிங் ஸ்டார் காப்பாத்தி, விண்கல்லுல இருந்து கெடச்ச மின்னும் தூளைக் குடுக்கறார். அதைத் துணில தடவி வெள்ளை உடுப்பு, பான்ஷீன்னு வெள்ளைக் குதிரை, ஜேமின்னு ஒரு அனாதைப் பையன் உதவிக்கு. போலி பழங்குடி வேஷக்காரங்களால சாகப் பாத்து, போலிப் பேய் வேஷத்துல திரும்பி வர்ற அந்த வளைவு மட்டும் எனக்குப் பிடிக்கும், நல்லா யோசிச்சிருக்காங்க.

சட்டப்படி இது எப்படின்னு பாப்போம், ரெண்டு விஷயத்தை தனித்தனியா வச்சுக்கணும். புக் தலைப்புங்கறது டிரேட்மார்க் மாதிரி, அமெரிக்காவுல அது உபயோகத்தை வச்சுதான் நிக்கும். கடைல சரக்கு இருக்கற வரைக்கும் உன்னோடது, ஒன்பது வருஷமா கம்பெனியே இல்லன்னா கைவிட்டதா அர்த்தம், எவன் வேணா எடுக்கலாம். கதை, படம் எல்லாம் காப்பிரைட், அது வேற. அதனாலதான் மார்வெல் ரெக்ஸ் ஃப்யூரியைத் தொடல, புது ஆளு, புது ஊரு, புது பூர்வகதை. பேரு காலியா கெடந்துச்சு எடுத்துக்கிட்டாங்க, உருவம் கிட்டத்தட்ட அச்சா அதே, ஆனா அதுக்கு சண்டை போட எதிர்ல கம்பெனியே இல்ல. நேர்மையான்னு கேட்டா, பழசை வரைஞ்ச ஆளையே கூப்ட்டு வரைய வச்சிருக்காங்க, அதுவரைக்கும் பரவால்ல. ஆனா ஏயர்ஸுக்கு கெடச்சது அப்பவும் பக்கக்கூலிதான், இப்பவும் பக்கக்கூலிதான்.

புக் ஓடல. ஏழு இதழ், அதே வருஷம் நவம்பரோட முடிஞ்சுது. காரணம் ரொம்ப மண்டையை உடைக்க வேண்டியதில்ல, மார்வெல் பாணில வேஷம் கட்டின வில்லன்களா கொண்டு வந்து பகல்ல அடிதடி நடத்திட்டாங்க. பகல் வெளிச்சத்துல வெள்ளை சட்டை போட்டவன் வெறும் வெள்ளை சட்டை போட்டவன் தான். 1950ல பக்கம் பக்கமா கருப்பு அப்பின அதே கை இங்க மஞ்சள் பாலைவனத்துல அவனை நிறுத்தி வச்சிருக்கு. கூடவே ஏயர்ஸ் பென்சிலுக்கு மை போட்டது வின்ஸ் கொலெட்டா, அவர் மெல்லிசு கோட்டுல பழைய கனம் வரல. இது என் அபிப்பிராயம், கொலெட்டா ரசிகருங்க அடிக்க வராதீங்க.

பேர் பறிபோன வரிசை

1970ல வெஸ்டர்ன் கன்ஃபைட்டர்ஸ்னு ஒரு புக்ல திரும்ப எட்டிப் பாத்தான். அங்க கார்டர் ஸ்லேடைக் கொன்னுட்டாங்க, பையன் ஜேமி உடுப்பை எடுத்துப் போட்டு அவனும் செத்துப் போறான், அப்புறம் அண்ணன் தம்பி முறைல லிங்கன் ஸ்லேட்ங்கற மார்ஷல் மாட்டிக்கறான். ஒரு சின்ன தொடர்ல ரெண்டு சாவு, மூணு முகமூடிக்காரன். அது முடிஞ்ச கொஞ்ச மாசத்துல, 1972 ஆகஸ்ட் தேதி போட்ட மார்வெல் ஸ்பாட்லைட் அஞ்சாவது இதழ்ல ஜானி பிளேஸ் பைக்கோட வந்து இறங்கறான், எழுதினது அதே ஃப்ரீட்ரிச், வரைஞ்சது மைக் ப்ளூக். 1971ல கோட் தளர்ந்து பேய் பிசாசுக்கு கதவு திறந்துருச்சு. எந்த பயத்துக்காக 1954ல குதிரைக்காரனை மூட்டை கட்டினாங்களோ, அந்த பயம் திரும்ப விலை போற நேரத்துல பேரு மட்டும் வந்துச்சு, ஆள் வரல.

பைக்காரன் ஹிட். இனி குதிரைக்காரனை அந்த பேர்ல போட முடியாது. 1974ல பழைய ஏழு இதழ்ல ஆறை மறுபதிப்பு பண்றப்ப நைட் ரைடர்னு பேர் மாத்தி, பேச்சு பலூனுக்குள்ள இருந்த பேரையும் திருத்தி விட்டாங்க. அமெரிக்கத் தெற்குல ராத்திரி குதிரைல வந்து கறுப்பின மக்களை அடிச்சுக் கொன்ன கு கிளக்ஸ் கிளான் கும்பலுக்கு அந்த பேர்தான் வழக்கு. தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளைத்துணி போத்தி ராத்திரி குதிரைல வர்ற ஹீரோவுக்கு போயும் போயும் அந்த பேரா. எவன் ஆபீஸ்ல ஓகே பண்ணினானோ தெரியல. 1980கள்ல ஃபான்டம் ரைடர்னு திரும்ப மாத்தினாங்க. மாத்தின கையோட 1987ல வெஸ்ட் கோஸ்ட் அவெஞ்சர்ஸ் புக்ல லிங்கன் ஸ்லேட் மாக்கிங்பேர்ட்ங்கற ஹீரோயினை மருந்து குடுத்து மயக்கி தன்னைக் காதலிக்கறதா நம்ப வைக்கற ஒரு அசிங்கமான கதை வந்துச்சு, கடைசில அவ அவனை மலைச்சரிவுல விழ விட்டுர்றா. வெள்ளை முகமூடிக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அதோட சேந்து விழுந்துச்சு.

2007 பிப்ரவரில வந்த சினிமால சாம் எலியட் கார்டர் ஸ்லேடா வர்றார். காமிக்ஸ்ல துணில மின்னும் தூள் தடவிட்டு சுத்தின வாத்தியார், படத்துல எரியற குதிரை மேல நெஜ எலும்புக்கூடா கேஜ் பைக்குக்கு பக்கத்துல ஓடறார். தியேட்டர்ல விசில் அடிச்ச எத்தனை பேருக்கு அந்த பேர் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியும்.

அதே வருஷம் ஃப்ரீட்ரிச் மார்வெல் மேல கேஸ் போட்டார், பைக்காரன் காப்பிரைட் தனக்குத்தான்னு. 2011 கடைசில கீழ்கோர்ட் மார்வெலுக்கு சாதகமா தீர்ப்பு சொல்லுச்சு, அவர் வாங்கின செக்குக்குப் பின்னாடி அடிச்சிருந்த உரிமை வாசகமும் 1978ல கையெழுத்து போட்ட ஒப்பந்தமும் எல்லாத்தையும் குடுத்துருச்சுன்னு. அதோட நிக்காம அவர் கோஸ்ட் ரைடர் படம் போட்டு சொந்தமா வித்த சரக்குக்கு 17,000 டாலர் கட்டணும்னு வேற வந்துச்சு. 2013ல மேல்கோர்ட் அந்த தீர்ப்பை ரத்து பண்ணுச்சு, 1978 ஒப்பந்தத்தோட வாசகம் தெளிவா இல்ல, விசாரிச்சுதான் சொல்லணும்னு. விசாரணை வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் சமரசம் பேசி முடிச்சுக்கிட்டாங்க. 1938 செக்குல ஆரம்பிச்ச பழக்கம், 2013லயும் செக்குக்குப் பின்னாடி என்ன எழுதியிருந்துச்சுன்னுதான் பேசிட்டு இருக்காங்க.

முகமூடி மேல நேரடியாவே கோர்ட் உத்தரவு வாங்கின கதையும் இருக்கு. டிவில லோன் ரேஞ்சரா நடிச்ச க்ளேடன் மூர் வயசான காலத்துல விழாக்களுக்கு முகமூடியோட போயிட்டு இருந்தார். புதுப்படம் எடுக்கப் போறோம்னு உரிமைக்காரங்க 1979ல கோர்ட்டுக்குப் போயி அவர் முகமூடி போடக்கூடாதுன்னு தடை வாங்கினாங்க. மனுஷன் முகத்தைச் சுத்தி வர்ற கருப்புக் கண்ணாடியை மாட்டிட்டு போக ஆரம்பிச்சார், ஜனம் பூரா அவர் பக்கம். 1981ல வந்த அந்தப் படம் படுதோல்வி, சில வருஷம் கழிச்சு முகமூடியைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

ரெக்ஸ் ஃப்யூரி நிலைமை வேற மாதிரி. அந்தக் கால சட்டப்படி காப்பிரைட் 28 வருஷம், முடியறப்ப புதுப்பிக்கணும். 1949 கதைக்கு 1977ல போய் யாராவது ஃபாரம் நிரப்பியிருக்கணும், கடை மூடி இருபது வருஷம் ஆன கம்பெனிக்கு யார் போய் நிரப்பறது. அதனால கதைகள் பொதுச்சொத்து ஆகிருச்சு. ஃப்ளோரிடால பில் பிளாக் நடத்தின ஏசி காமிக்ஸ் அந்த கதைகளை மறுபதிப்பு பண்ணுச்சு, ஆனா கோஸ்ட் ரைடர்ங்கற பேர் இப்ப மார்வெல் டிரேட்மார்க், அதனால ஹான்டட் ஹார்ஸ்மேன்னு பேரை மாத்த வேண்டியதா போச்சு. கதை எவன் வேணா அடிச்சுக்கலாம், கதையோட சொந்தப் பேரை அட்டைல போடக்கூடாது. ஏயர்ஸ் 2014 மே மாசம் 90 வயசுல இறந்தார், தன்னோட மிச்ச காலத்துல இந்த வெள்ளை ஆளு நாலு பேர்ல சுத்தினதை எல்லாம் உக்காந்து பாத்தாச்சு.

படிக்கணும்னு ஆசை இருந்தா பொதுச்சொத்து காமிக்ஸை ஸ்கேன் பண்ணிப் போடற சைட்டுகள்ல பழசு இலவசமாவே கெடைக்கும். டிம் ஹோல்ட் 11வது இதழ்ல ஆரம்பிங்க, தனி புக்ல முதல் ஆறேழு இதழ் போதும், வாம்பயர் வர ஆரம்பிச்சதும் நிறுத்திக்கலாம். மார்வெல் 1967ல முதல் இதழ் மட்டும் பூர்வகதைக்காகப் பாருங்க, மீதி ஆறும் காசு குடுத்து வாங்கற அளவுக்கு இல்ல.